எஸ்சீட்: ஒரு சட்டச் சொல்லைக் கீழிருந்து வாசித்தல்

(சட்டக் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘நிலமும் சட்டமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளில் பேசி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் நான் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆங்கிலச் சட்டச் சொல். எஸ்சீட். இங்கே இருக்கிற சட்ட மாணவர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். ரெண்டு பேர். பரவாயில்லை. உங்க வயசில் நான் தூக்கியிருக்க மாட்டேன்.

இந்தச் சொல்லை நான் கல்லூரியில் கேட்கவில்லை. ஒரு தாலுகா ஆபீசில்தான் கேட்டேன்.

அப்போது சட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. எங்க அத்தை, அப்பாவுடைய அக்கா, இறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. மாமா முன்னாலேயே போய்விட்டார். காலனியில் அத்தை பேரில் அரசாங்கம் கொடுத்த மனைப்பட்டா. இரண்டரை சென்ட். அதில் ஒரு கூரைவீடு. பட்டாவை மாற்ற என்ன செய்யணும்னு கேட்க அப்பாவும் நானும் போனோம். ஒரு எழுத்தர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: “வாரிசு இல்லாத கேசு. எஸ்சீட் ஆயிடும். சர்க்காருக்குப் போயிடும்.”

எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். என் பக்கம் குனிந்து கேட்டார்: “என்னடா சொல்றாரு, சீட்டிங்கா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இல்லப்பா, அது வேற சட்ட வார்த்தை. நீ சும்மா இரு” என்று அடக்கினேன். சட்டம் படிக்கிற பிள்ளையல்லவா! அந்த வார்த்தை எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. அடுத்த வாரம் நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அப்பா கேட்டதுதான் சரி. ஏமாற்றுவது என்று பொருள்படும் ‘சீட்’ என்ற ஆங்கிலச் சொல் ‘எஸ்சீட்’டிலிருந்துதான் பிறந்தது என்று அதில் போட்டிருந்தது. படித்தவன் நான் வேறு வேறு என்று நினைத்த இரண்டு சொல்லும் ஒரே வேர். படிக்காதவர் காதுக்கு அது கேட்டிருக்கிறது.

அன்றைக்கிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. இன்றைக்கு நாம் பார்க்கப்போவது அதன் கதையை.

முதலில் பொருள். ஒருவர் வாரிசில்லாமல், உயிலும் எழுதாமல் இறந்துவிட்டால், அவருடைய நிலம் மேலே இருக்கிற பிரபுவுக்கோ அரசுக்கோ போய்ச் சேர்வதற்குப் பெயர் எஸ்சீட். சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் இலத்தீன். அங்கே ‘கதேரே’ என்றால் விழுதல். பங்காக வந்து விழுந்தது என்பதுதான் எஸ்சீட்டின் அடிப்படைப் பொருள். நம் ஊரில் சீட்டுக் கட்டுகிறவர்கள் “இந்த மாசம் எனக்குச் சீட்டு விழுந்துடுச்சு” என்கிறார்கள் இல்லையா? அதே ‘விழுந்தது’தான். ‘ஆக்சிடென்ட்’, ‘சான்ஸ்’ என்று நாம் தினமும் சொல்கிற சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவைதான். தற்செயலாக விழுவது.

இந்த ‘விழுதல்’ என்பதை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. மாம்பழம் விழுகிறது, மழை விழுகிறது. யாரும் பறிக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை. எடுத்தவன் கையை மறைப்பதற்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. ‘பிரபு பிடுங்கிக்கொண்டான்’ என்று சட்டம் எழுதாது. ‘நிலம் பிரபுவுக்கு விழுந்தது’ என்றுதான் எழுதும்.

இங்கிலாந்தில் 1066க்குப் பிறகு வந்த நிலமானிய அமைப்பில் எல்லா நிலமும் அரசனுடையது. அவனிடமிருந்து பெரும் பிரபுக்கள் பெற்றுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து சிறு பிரபுக்கள். அவர்களிடமிருந்து அடுத்த ஆள். யாருக்கும் நிலம் முழுச் சொந்தமில்லை. மேலே இருப்பவனிடமிருந்து ‘வைத்திருக்கிறான்’, அவ்வளவுதான். வைத்திருப்பவனின் வழி அற்றுப்போனால் நிலம் மேலே திரும்பிவிடும். 1290இல் ஒரு சட்டம் வந்து, புதிதாக இப்படி அடுக்குக்கு அடுக்கு கீழே நிலம் கொடுப்பதைத் தடுத்தது. இடையிலிருந்த பிரபுக்கள் காலப்போக்கில் குறையக் குறைய, எஸ்சீட் ஆகிற நிலம் நேரே அரசன் கையில் சேர ஆரம்பித்தது.

இப்படி விழுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இரத்தம் அற்றுப்போவது. அதாவது வாரிசில்லாமல் சாவது. இதில் இன்னொரு கொடுமை உண்டு. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையைச் சட்டம் ‘யாருக்கும் பிள்ளையில்லாதவன்’ என்றது. அவனுக்கு அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா யாரும் கிடையாது. அவன் பாடுபட்டு நிலம் வாங்கி, பிள்ளையில்லாமல் செத்தால் கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க நிலம் மேலே போய்விடும்.

இரண்டாவது வழி, குற்றம். பெருங்குற்றத்துக்கு ஒருவனைத் தூக்கில் போட்டால் அவனோடு முடிவதில்லை. அவன் இரத்தமே கெட்டுவிட்டது என்று சட்டம் சொல்லும். ‘இரத்தக் கேடு’ என்பது அங்கே ஒரு சட்டச் சொல். கெட்ட இரத்தத்தின் வழியாகப் பிள்ளைக்கு எதுவும் இறங்காது. தகப்பனிடமிருந்து மட்டுமில்லை, தாத்தாவின் சொத்தைக்கூட அந்தக் கெட்ட இரத்தத்தைத் தாண்டிப் பேரன் கேட்க முடியாது. பிறப்பிலேயே தீட்டு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தச் சொல் நமக்குப் புதிதாகத் தோன்றாது.

நிலம் பிரபுவுக்குப் போகும் முன்பு அரசனுக்கு ஓர் உரிமை இருந்தது. ஒரு வருடமும் ஒரு நாளும் அவன் அதை வைத்துக்கொண்டு மரத்தை வெட்டலாம், வீட்டை இடிக்கலாம், புல்வெளியை உழுது போடலாம். 1215இல் மகா சாசனம் எழுதினார்களே, அதில் 32ஆவது பிரிவு இதைப் பற்றியது. வருடமும் நாளும் முடிந்ததும் அரசன் நிலத்தைப் பிரபுவிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தூக்கில் தொங்கியவனின் பெண்டாட்டி பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. உரிமைகளின் தாய் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆவணம் இது. இந்த இடத்தில் அது தீர்த்துவைத்தது அரசனுக்கும் பிரபுவுக்கும் இருந்த தகராறை மட்டும்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். கென்ட் என்ற பகுதியில் வேறு வழக்கம் இருந்தது. அங்கே கொலைக்குற்றத்துக்குத் தகப்பன் தூக்கு மரத்துக்குப் போனாலும் மகன் ஏருக்குப் போகலாம். நிலம் மகனுக்கே. இதை ஒரு பழமொழியாகவே வைத்திருந்தார்கள். பிறகு சட்டம்தான் மெதுவாக அந்தப் பழமொழியிடம் வந்து சேர்ந்தது. குற்றத்துக்காக நிலம் எஸ்சீட் ஆவதை 1870இல்தான் இங்கிலாந்து ஒழித்தது.

இப்போது ‘சீட்டிங்’குக்கு வருவோம். இப்படி விழுகிற நிலங்களைக் கணக்கெடுத்துக் கைப்பற்ற 13ஆம் நூற்றாண்டிலேயே அரசன் அதிகாரிகளை வைத்தான். பெயர் எஸ்சீட்டர். நம் ஊர் கணக்குப்பிள்ளை, ஆர்.ஐ. மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செத்தால் எஸ்சீட்டர் வருவார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி விசாரிப்பார். என்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, வாரிசு யார், வயசென்ன என்று எழுதுவார். அவர் எழுதியதுதான் எழுத்து. வாரிசு இருந்தும் இல்லை என்று எழுதினால்? எழுதாமலிருக்கக் கை நீட்டினால்? மக்கள் அந்த அதிகாரியின் பெயரையே சுருக்கி ‘சீட்டர்’ என்றார்கள். நாளாவட்டத்தில் சீட்டர் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று ஆகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ‘வின்ட்சரின் குறும்புக்கார மனைவிகள்’ நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற பாத்திரம் இந்த இரண்டு பொருளையும் வைத்து விளையாடுகிறது. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஏனென்றால் அவர்கள் அந்த அதிகாரியைப் பார்த்தவர்கள்.

இங்கே நம் ஊரில் ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்று திட்டுகிறோமே, அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, சீட்டிங். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. எண் மாறினாலும் குற்றத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. சாதாரண மனிதனை உள்ளே தள்ளுகிற குற்றத்துக்கு ஓர் அரசு அதிகாரியின் பதவிப் பெயர் வந்து ஒட்டியிருக்கிறது!

இதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். சினிமாவில் ‘வில்லன்’ என்கிறோம். அது எங்கிருந்து வந்தது? பிரபுவின் பண்ணையோடு கட்டப்பட்டுக் கிடந்த உழவனுக்கு அங்கே ‘வில்லெய்ன்’ என்று பெயர். பண்ணையில் இருப்பவன் என்பதுதான் அதன் பொருள். பண்ணையாளைக் கண்டு முகம் சுளித்த மேல்தட்டு மனிதர்கள் அவன் பெயரையே கொடியவன் என்ற பொருளில் பயன்படுத்தினார்கள். ஆக, மேலிருந்து கீழே பார்த்துச் சொன்ன சொல் வில்லன். கீழிருந்து மேலே பார்த்துச் சொன்ன சொல் சீட்டர். ஒரே சமூகம், ஒரே நிலம், இரண்டு வசவு. முதல் வகைக்கு நம்மிடமும் உதாரணம் இருக்கிறது. பறையர் என்ற நம் மக்களின் பெயர் கப்பலேறிப்போய் ஆங்கிலத்தில் ‘பரையா’ ஆகி, ஒதுக்கப்பட வேண்டியவன் என்ற பொருளில் இன்றைக்கும் பத்திரிகைகளில் சர்வசாதாரணமாக வருகிறது. எழுதுகிறவர்களுக்கு உறுத்துவதே இல்லை. இரண்டாவது வகை, அதாவது கீழிருந்து சொன்ன சொல் நிலைத்துவிடுவது, அபூர்வம். அந்த அபூர்வத்தில் ஒன்று சீட். அதனால்தான் இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்தச் சொல் கடல் தாண்டியும் வேலை செய்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1913இல் ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கினால், அது மாநில அரசுக்கு எஸ்சீட் ஆகிவிடும். குறி ஜப்பானிய விவசாயிகள். 1920இல் அதை இன்னும் இறுக்கினார்கள். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் குடியுரிமை கேட்டார். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று! நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகு அங்கிருந்த இந்திய விவசாயிகளும் அந்த எஸ்சீட் சட்டத்தின் கீழ் வந்தார்கள். சாதியைக் காட்டி நிறவெறியின் கதவைத் தட்டினால் திறக்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1952இல் கலிஃபோர்னியாவின் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர் ஒரு ஜப்பானியர்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கேயும் எஸ்சீட்டுக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. மனுதர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயம், 189ஆம் சுலோகத்தைப் பாருங்கள். வாரிசு யாருமே இல்லாவிட்டால் மற்ற வருணத்தார் சொத்தை அரசன் எடுத்துக்கொள்ளலாம். பிராமணன் சொத்தை மட்டும் அரசன் தொடக்கூடாது. அது மற்ற பிராமணர்களுக்குப் போக வேண்டும். எட்டாம் அத்தியாயத்தில் அடிமைக்குச் சொத்தே கிடையாது, அவன் சம்பாதிப்பது உடையவனுக்கு என்று வேறு இருக்கிறது. சொத்தே இல்லாதவனுக்கு விழுவதற்கு என்ன இருக்கிறது!

சென்னை மாகாணத்தில் இது ஒரு வழக்காகவே வந்தது. மசூலிப்பட்டணம் கலெக்டர் ஒரு பக்கம். இறந்துபோன ஒரு பிராமண ஜமீன்தாரின் விதவைக்குக் கடன் கொடுத்தவர் மறுபக்கம். வாரிசு இல்லை, ஜமீன் சர்க்காருக்கு என்றார் கலெக்டர். பிராமணன் சொத்து அரசனுக்குப் போகாது என்று சாஸ்திரத்தைக் காட்டினார்கள். லண்டனில் பிரிவி கவுன்சில் 1860இல் சொன்னது: பிராமணன் சொத்தும் எஸ்சீட் ஆகும். மனு போட்ட வேலியை வெள்ளைக்காரன் சட்டம் அந்த ஓர் இடத்தில் தாண்டிவிட்டது. நாம் சந்தோஷப்படலாமா? கொஞ்சம் படலாம். ஆனால் ஜமீன் சர்க்காருக்கா, சாஸ்திரப்படி பிராமணருக்கா என்பதுதான் அங்கே கேள்வி. அந்த ஜமீனில் சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. செத்தவன் நிலம் யாருக்கு விழும் என்று விவாதித்தார்கள். உயிரோடு உழுகிறவனுக்கு விழலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைய சட்டம் என்ன? அரசியலமைப்பின் 296ஆவது பிரிவில் எஸ்சீட் என்ற சொல் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 29, வாரிசு அறவே இல்லாவிட்டால் சொத்து அரசுக்குப் போகும், அதன் மேலுள்ள கடன் பொறுப்புகளோடு போகும் என்கிறது. ‘அறவே’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதே சட்டம் வாரிசு வட்டத்தை ரொம்பப் பெரிதாகப் போட்டிருக்கிறது. ஒரு பெண் பிள்ளையில்லாமல், கணவனும் இல்லாமல் இறந்தால், அவள் சொந்தச் சொத்துக்கு முதலில் கணவனுடைய வாரிசுகள். அப்புறம் தாய் தகப்பன். அப்புறம் தகப்பனுடைய வாரிசுகள். அப்புறம் தாயுடைய வாரிசுகள். இவ்வளவு பேரில் ஒருவர்கூட இல்லாவிட்டால்தான் அரசு. வாரிசு இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை லேசானதில்லை என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017இல் ஹரித்வார் ஆசிரமச் சொத்து வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

இப்போது எங்க அத்தை கேசுக்கு வாங்க. மாமாவுக்குத் தம்பி மகன் இருந்தான். பெங்களூரில் கட்டட வேலை. அவன் வாரிசு. அவன் இல்லாவிட்டாலும், எழுத்தர் மேசைக்கு எதிரே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாரே எங்கப்பா, கூடப்பிறந்த தம்பி, அவரே வரிசையில் இருந்த வாரிசுதான். வாரிசையே பார்த்துக்கொண்டு வாரிசு இல்லை என்று ஒருவரால் சொல்ல முடிந்திருக்கிறது. காரணம், எங்களிடம் இரத்தம் இருந்தது, அதை எழுதிய காகிதம் இல்லை. மாமாவுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. அவர் தகப்பன் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் ஒரு மாதிரி. நேரடி வாரிசு இல்லை, கோர்ட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு வருடம் நடந்தோம். தீர்ப்பு வந்தபோது கூரைவீடு இல்லை, மண்சுவர் கரைந்துவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் மாட்டைக் கட்டியிருந்தார். மனையை மீட்டோம். எங்கப்பா அதைப் பார்க்க இல்லை.

இரண்டரை சென்ட் விஷயம். இதைப் போய்ப் பேசுகிறானே என்று நினைக்கலாம். ஆனால் தோழர்களே, இந்த இரண்டரை சென்டையும் இன்னொரு நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சமி நிலம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம். நிபந்தனையோடு. பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நஷ்டஈடு தராமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிராமக் கணக்கில் டி.சி. நிலம் என்று இருக்கும். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்ட மாணவர்கள் உடனே திருத்துவீர்கள்: “சார், அது எஸ்சீட் இல்லை. நிபந்தனை மீறலுக்காக நிலத்தைத் திரும்ப எடுப்பது வேற.” சரிதான், சட்டப்படி வேறு. ஆனால் நிலம் கொடுத்தவனிடமே திரும்பும் என்ற அடிப்படை ஒன்று. அந்த அடிப்படையை வைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத கிழவியின் இரண்டரை சென்ட் ஆறு மாதத்தில், ஒரு எழுத்தர் வாய் வார்த்தையில் விழுகிறது. நிபந்தனையை மீறி வாங்கிய பஞ்சமி நிலம் நூறு வருடமாக விழ மாட்டேன் என்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். நிலம் விழவில்லை. கேட்டவர்கள் விழுந்தார்கள்.

ஆகவே ‘விழும்’, ‘சேரும்’, ‘ஆகிவிடும்’ என்று ஒரு சட்டச் சொல் சொல்லும்போது நாம் கேட்க வேண்டியது: தானாக விழுகிறதா, யாராவது தள்ளுகிறார்களா, யார் கை பிடித்துக்கொண்டிருப்பதால் விழாமல் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க இலத்தீன் தெரிய வேண்டியதில்லை.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் வீட்டில் முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்கிறோம். படித்ததும் நாம் செய்கிற முதல் காரியம், அப்பா அம்மாவை “நீ சும்மா இரு” என்பதுதான். நானும் செய்தேன். செய்யாதீர்கள். ஊருக்குப் போகும்போது உங்கள் காலனியில் பிள்ளையில்லாத பெரியவர்கள் யார், அவர்கள் பட்டா யார் பேரில், உறவுமுறை என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விருப்பமிருந்தால் உயில் எழுத உதவுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி வேண்டும். டி.சி. நிலத்தின் சர்வே எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடி எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, மனுப்போட்டுக் கேளுங்கள். எஸ்சீட்டர் வந்து எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும்.

அந்த எழுத்தரிடம் எங்கப்பா கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். “என்ன சார், சீட்டிங்கா?” என்று. அன்றைக்குக் கேட்கவில்லை. உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன், நீங்கள் கேளுங்கள்.